முதல் ஆட்டத்துக்கு எவ்வளவு விதி போதும்?

கேள்வி: நண்பர்கள் நால்வருடன் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் பகடை விளையாட்டு) ஆடுவதற்காக மூன்று பெரிய விதிநூல்களையும் வாங்கினேன். ஆட்டத்தை நடத்துவது நான்தான். கதாபாத்திரங்களை உருவாக்குவதிலேயே மூன்று மணி நேரம் கழிந்து, கதை தொடங்காமலே கலைந்தோம். அறிமுக விதிகளுக்கு மாறலாமா? அவை அரைகுறையாக இருக்காதா?

பதில்: தாராளமாக மாறலாம். உங்கள் சிக்கல் இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1974இல் வெளிவந்த மூல விதிகள், போர் விளையாட்டுகளில் ஏற்கெனவே பழகியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், புதியவர்கள் தடுமாறினார்கள். அதனால்தான் 1977இல் கதாபாத்திர வளர்ச்சியின் முதல் மூன்று நிலைகளுக்கு மட்டுமான அறிமுகப் பதிப்பு வந்தது. 1983ஆம் ஆண்டுப் பதிப்போ, வாசகரைத் தனியாக ஒரு சிறு சாகசத்தில் இறக்கிவிட்டு, அதன் போக்கிலேயே விதிகளைக் கற்றுக்கொடுத்தது. நான் பார்த்தவற்றில் இதைவிடச் சிறந்த கற்பித்தல் முறை இல்லை.

அரைகுறை என்ற அச்சமும் வேண்டாம். 2014இல் இலவசமாக வெளியான அடிப்படை விதிகளில், பெரிய நூலில் உள்ள பன்னிரண்டு வகுப்புகளுக்கு (போர்வீரர், மந்திரவாதி போன்ற கதாபாத்திர வகைகளுக்கு) பதில் நான்குதான் உண்டு. ஆனால் பகடை உருட்டி முடிவு காணும் முறை இரண்டிலும் ஒன்றே என்பதால், பின்னர் பெரிய நூலுக்குப் போகும்போது கற்றதை மறக்க வேண்டியிருக்காது.

அந்த முறை எவ்வளவு எளிது என்று பாருங்கள். ஒருவர் தாழிட்ட கதவைத் தோளால் இடித்துத் திறக்க முயல்கிறார். நீங்கள் 15 என்று இலக்கு வைக்கிறீர்கள். அவருடைய வலிமைக்காகப் பகடையில் விழும் எண்ணோடு 3 கூட்டப்படும். இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கதவு திறக்கும். அதாவது வாய்ப்பு 45 சதவீதம். ஏறக்குறைய எல்லாச் சந்தேகத்தையும் இந்த ஒரே கணக்கால் தீர்த்துவிடலாம். மாறாக, கதவுக்கான விதியைத் தேடி நீங்கள் பக்கம் புரட்டினால், அடுத்த நிமிடமே எதிரிலிருப்பவர் கைபேசியை எடுத்துவிடுவார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விதி குறைந்தால் ஆடுபவருக்குச் சுமை குறையும். நடத்துபவருக்கு அப்படியே குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. இரண்டே பக்கத்தில் முடிந்து, மீதியை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடும் விதித்தொகுப்பு, முதன்முறை நடத்துபவரை நட்டாற்றில் விட்டுவிடக்கூடும். ஆகவே, ஆயத்தக் கதாபாத்திரங்களும் முழுமையான ஒரு சிறு சாகசமும் உள்ள அறிமுகப் பெட்டியையே தேர்ந்தெடுங்கள். கதாபாத்திரத் தாள்களைக் கொடுத்த பத்தே நிமிடத்தில் கதையைத் தொடங்கிவிடுங்கள். விதி தெரியாத இடத்தில் நியாயமாகத் தோன்றும் இலக்கு எண்ணைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்திவிட்டு, அந்தச் சந்தேகத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய மூன்று நூல்களும் வீணாகாது: ஆட்டம் முடிந்த பிறகு அந்தத் தாளோடு உட்காரும்போது அவற்றைத் திறக்கலாம்.