பில் பட்டியல் ஏன் எட்டு நொடி திணறுகிறது?

கேள்வி: ஹார்டுவேர் மொத்த வியாபாரி ஒருவருக்காகக் கோட்லின் மொழியில் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். இணையம் கிடைக்காத இடத்திலும் இயங்க வேண்டும் என்பதால் எல்லாத் தரவும் கைபேசியிலேயே, ‘ரூம்’ என்ற நிரல் தொகுப்பின் வழியாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இருக்கிறது. இப்போது 4,000 வாடிக்கையாளர்கள், 9,000 சரக்குகள், 60,000 பில்கள், அவற்றுக்குள் ஏறக்குறைய 3 இலட்சம் வரிகள் (விற்ற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி). பில் பட்டியல் திறக்க எட்டு நொடி ஆகிறது. பழைய கைபேசிகளில் செயலியே மூடிக்கொள்கிறது. வேறு தரவுத்தளத்துக்கு மாறிவிடலாமா? (என் நிரலை இணைத்துள்ளேன்.)

பதில்: மாற வேண்டியதில்லை. 3 இலட்சம் வரி என்பது எஸ்கியூலைட்டுக்குச் சின்னச் சுமைதான். தரவுத்தளம் செய்ய வேண்டிய வேலையை உங்கள் நிரல் தானே செய்யப் பார்ப்பதுதான் சிக்கல். எந்தத் தரவுத்தளத்துக்குப் போனாலும் இதே நிரலை எடுத்துச் சென்றால் இதே எட்டு நொடிதான் காத்திருக்கும்.

உங்கள் நிரல், திரை திறந்ததும் எல்லா பில்களையும் ஒரே பட்டியலாக நினைவகத்தில் ஏற்றுகிறது. பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), மொத்தத் தொகையைக் கூட்டுவதற்காக அதன் வரிகளைக் கேட்டு இன்னொரு வினவல் அனுப்புகிறது. ஆக, ஒருமுறை திரை திறப்பதற்கு 1,20,001 வினவல்கள். திரையில் ஒரே நேரத்தில் தெரிவதோ பத்துப் பன்னிரண்டு பில்கள்தான். பழைய கைபேசிகளில் செயலி மூடிக்கொள்வதற்கும், நினைவகம் நிரம்பிவிடும் இந்த முறையே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அந்தத் திரைக்கு வேண்டியவை பில் எண், தேதி, பெயர், தொகை ஆகிய நான்கு புலங்கள் மட்டுமே. பில் அட்டவணையையும் வாடிக்கையாளர் அட்டவணையையும் ஜாயின் செய்து (இணைத்து), அந்த நான்கை மட்டும், 50 பில்களாகக் கேட்கும் ஒரே வினவலாக மாற்றுங்கள். தொகையை பில் முடிக்கும்போதே பில் அட்டவணையில் எழுதி வைத்துவிடலாம். அடுத்த 50-ஐக் கேட்கும்போது ஆஃப்செட் (எத்தனை வரிசைகளைத் தாண்ட வேண்டும் என்ற எண்) கொடுப்பதைவிட, கடைசியாகக் காட்டிய பில்லின் தேதியையும் எண்ணையும் கொடுத்து அதற்கு முந்தைய 50 வேண்டும் எனக் கேட்பது நல்லது. ஆஃப்செட் 40,000 என்றால், அந்த 40,000 வரிசைகளையும் கடந்துதான் எஸ்கியூலைட் உங்களிடம் வரும்.

அடுத்தது இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போல வேகமாகத் தேட உதவுவது. ஒரு புலத்தை ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டுவது) என்று அறிவித்துவிட்டால் அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸ் தானாக உருவாகிவிடும் எனப் பலர் நினைக்கிறார்கள். எஸ்கியூலைட்டில் அப்படி உருவாவதில்லை. கம்பைல் செய்யும்போது ரூம் இதை எச்சரிக்கையாகச் சொல்லும், ஆனால் எச்சரிக்கைகளை நம்மில் யார் படிக்கிறோம்! பில் வரிகளில் உள்ள சரக்கு எண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லாததால், ஒரு சரக்கு விற்ற பில்களைத் தேட மூன்று இலட்சம் வரிகளும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படுகின்றன. வினவலுக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெயின் குவெரி பிளான்’ என்ற ஆணையைச் சேர்த்து இயக்கினால் இதை நீங்களே காணலாம்: விடையில் ‘ஸ்கேன்’ என வந்தால் முழு அட்டவணையும் படிக்கப்படுகிறது என்றும், ‘சர்ச்’ என வந்தால் இன்டெக்ஸ் அல்லது முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி அடையாளம்) வழியே நேராகத் தேடப்படுகிறது என்றும் பொருள். பில் வரிகளில் பில் எண்ணுக்கும் சரக்கு எண்ணுக்கும் தனித்தனியாகவும், பில்களில் வாடிக்கையாளர் எண்ணையும் தேதியையும் சேர்த்தும் இன்டெக்ஸ் இருக்கட்டும். பட்டியல் தேதி வரிசையில் வருவதால் தேதிக்கும் ஒன்று வேண்டும். அதற்கு மேல் கண்ட புலத்துக்கெல்லாம் போட வேண்டாம். ஒவ்வொரு இன்டெக்ஸும் எழுதும் வேலையைக் கூட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வேகக் குறைவைவிட அது ஆபத்தானது. புதிய விலைப்பட்டியல் வரும்போது சரக்குகளை இன்செர்ட்டில் ‘ரீப்ளேஸ்’ முறையில் எழுதுகிறீர்கள். ‘ரீப்ளேஸ்’ பழைய வரிசையைத் திருத்துவதில்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. சரக்குக்கும் பில் வரிகளுக்கும் இடையிலான ஃபாரின் கீயில் ‘கேஸ்கேட்’ (சரக்கு அழிந்தால் அதைச் சுட்டும் வரிகளும் அழியும்) வைத்திருக்கிறீர்கள். எனவே சிமென்டின் விலையை மாற்றிய அந்தக் கணத்தில், சிமென்ட் விற்ற பழைய பில் வரிகள் அத்தனையும் சத்தமில்லாமல் அழிந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ரூம் 2.5-இலிருந்து உள்ள ‘அப்சர்ட்’டை (வரிசை இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்) பயன்படுத்துங்கள், அந்த ஃபாரின் கீயை ‘ரெஸ்ட்ரிக்ட்’ (சுட்டும் வரிகள் உள்ளவரை அழிக்க விடாது) என மாற்றுங்கள். பில்லுக்கும் அதன் வரிகளுக்கும் இடையில் ‘கேஸ்கேட்’ இருக்கலாம், பில் இல்லாமல் வரிக்கு வாழ்வில்லை. விற்ற நாளின் விலையைப் பில் வரியிலேயே எழுதி வைத்திருப்பது சரியே, அதை மாற்ற வேண்டாம்.

அந்த 9,000 விலைகளையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது என்ற தொகுப்புக்குள்) எழுதுங்கள். தனித்தனியாக எழுதும்போது, அந்த அட்டவணையைக் கவனித்துக்கொண்டிருக்கும் திரைகள் மீண்டும் மீண்டும் வினவலை இயக்கும். நடுவில் கைபேசி அணைந்தால் பாதிச் சரக்குக்குப் புதிய விலையும் மீதிக்குப் பழைய விலையுமாக நின்றுவிடும்.

சரக்குப் படங்களை அட்டவணைக்குள் வைக்காதீர்கள். கோப்பாகச் சேமித்து, அதன் பெயரை மட்டும் எழுதுங்கள்.

வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருப்பதால், பின்னாளில் முழு உரைத் தேடலைச் சேர்க்க நினைத்தால் ஒரு குறிப்பு. எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்4-இல் இயல்பாக உள்ள ‘சிம்பிள்’ டோக்கனைசர் (உரையைச் சொற்களாகப் பிரிப்பது) தமிழ்ச் சொற்களை முழுதாக விட்டுவைக்கும். மேம்பட்டதாயிற்றே என்று ‘யூனிகோட்61’-க்கு மாறினால், அது எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். நம் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் அந்தக் கணக்கில் சேராததால் ‘முருகன்’ என்ற பெயர் துண்டு துண்டாக உடையும்.

இந்த மாற்றங்களுக்குத் தரவுத்தளப் பதிப்பு எண்ணை உயர்த்த வேண்டியிருக்கும். உங்கள் நிரலில் ‘ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்’ என்ற வரி இருக்கிறது. மைக்ரேஷன் (பழைய அட்டவணைகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் நிரல்) எழுதப்படாமல் பதிப்பு மாறினால், அது எல்லா அட்டவணைகளையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும். முதலில் அந்த வரியை நீக்குங்கள். பிறகு மைக்ரேஷனை எழுதி, வியாபாரியின் தரவுக் கோப்பின் நகலை வைத்து உங்கள் கைபேசியில் இயக்கி, பில் வரிகளின் எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா எனப் பார்த்த பிறகே புதிய பதிப்பை அவருக்குக் கொடுங்கள்.