புற்றுநோய்க்கு இரண்டு இலக்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஏன்?

புற்றுநோய்ச் செல்லை வளரத் தூண்டும் குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பதே இலக்கு மருந்து. ஒரு வாய்க்காலை அடைத்தால் நீர் பக்கத்து வாய்க்காலில் பாய்வதைப் போல, அப்புரதம் தடுக்கப்பட்டதும் வளர்ச்சிக் கட்டளை வேறு வழியாகச் செல்லத் தொடங்குவதால், சுருங்கிய கட்டி சில மாதங்களில் மீண்டும் வளர்வதுண்டு. இரண்டாவது மருந்து அந்த மாற்றுவழியைத் தொடக்கத்திலேயே அடைக்க முயல்கிறது. பிராஃப் மரபணு மாற்றமுள்ள மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு, பிராஃப் புரதத்தைத் தடுக்கும் டப்ராஃபெனிப்பையும், வளர்ச்சிக் கட்டளையைக் கடத்தும் சங்கிலியில் அதற்கு அடுத்த கண்ணியான மெக் புரதத்தைத் தடுக்கும் டிராமெடினிப்பையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா 2014-இல் ஒப்புதல் அளித்தது. பிராஃபைச் சுற்றிக்கொண்டு வரும் கட்டளையும் பெரும்பாலும் மெக்கைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. மருந்து இரண்டானால் பக்கவிளைவும் இரட்டிப்பாகும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். இந்த இணையில் காய்ச்சல் கூடுதலாக வந்தாலும், டப்ராஃபெனிப்பைத் தனியாகத் தரும்போது சிலருக்குத் தோன்றும் புதிய தோல் கட்டிகள் உண்மையில் குறைகின்றன.