கண்ணிவெடித் தடை ஒப்பந்தம்: கேள்வி பதில்

நிர்மலா: ஆள் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு, ஒரு பக்கமாகச் சிதறல்களை வீசும் கிளேமோர் வெடியை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். ஆனால் எப்படி வெடிக்க வைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஆள் அருகில் வந்தாலோ தொட்டாலோ வெடிக்கும்படி வடிவமைத்ததைத்தான் 2ஆம் பிரிவு தடைக்குள் கொண்டுவருகிறது. படைவீரர் இலக்கைப் பார்த்து, தானே விசையை அழுத்தினால் தடை இல்லை. அதே கிளேமோரில் காலில் தட்டும் கம்பியைக் கட்டினால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். வாகன எதிர்ப்பு வெடியில்தான் உண்மையான சிக்கல். அகற்ற முயன்றால் வெடிக்கும் பொறி இருக்கலாம் என்கிறது அதே பிரிவு. ஆள் தெரியாமல் இடறினாலே வெடிக்கும் அளவுக்குப் பொறி நுட்பமாக இருந்தால்? தடைக்குள் வரும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலைப்பாடு, என் கருத்தும் அதுவே. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை.

அருள்: ஒப்பந்தம் தரும் காலக்கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. அந்த நாட்டுக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து. முதல் அறிக்கைக்கு 180 நாள், கையிருப்பை அழிக்க 4 ஆண்டு, நிலத்தில் புதைந்ததை அகற்ற 10 ஆண்டு. அகற்றலுக்கு நீட்டிப்பு கேட்கலாம். கையிருப்புக்குக் கிடையாது. பெலாரஸ் இங்கேதான் தடுமாறியது: அதனிடம் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிஎஃப்எம் வகைச் சிறு கண்ணிவெடிகள். உள்ளே திரவ வெடிமருந்து இருப்பதால் பிரித்தெடுக்க முடியாது. எரித்தால் நச்சு வாயு. தனி உலை அமைத்து முடிக்க 2017 ஆனது, கெடு 2008.

சலீம்: பயிற்சிக்கு எத்தனை கண்ணிவெடிகள் வைத்துக்கொள்ளலாம்?

எண் இல்லை, “மிகக் குறைந்த அளவு” மட்டுமே. பேச்சுவார்த்தையில் புரிந்துகொண்டபடி அது நூறுகளிலோ ஆயிரங்களிலோ இருக்கலாம், பல்லாயிரங்களில் அல்ல.

கவிதா: போர் வந்தால் விலகலாமா?

6 மாத முன்னறிவிப்புடன் விலகலாம். ஆனால் அந்த 6 மாதம் முடியும்போது அந்த நாடு போரில் இருந்தால், போர் முடியும்வரை விலகல் செல்லாது. 2025இல் விலகுவதாக அறிவித்த எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை போரில் இல்லாததால் அவற்றின் விலகலுக்கு இந்தத் தடங்கல் இல்லை. போரில் உள்ள உக்ரைன், விலகாமல் ஒப்பந்தத்தை “நிறுத்திவைப்பதாக” அறிவித்தது. அப்படியொரு வழி ஒப்பந்தத்தில் இல்லை. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்றுதான் 1ஆம் பிரிவு தொடங்குகிறது.

பாலன்: இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா சேரவில்லையே, அவற்றுக்குச் சட்டமே இல்லையா?

உண்டு. குறிப்பிட்ட மரபுவழி ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின், 1996இல் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறை நான்கையும் கட்டுப்படுத்தும், ஆனால் கண்ணிவெடியை முழுதாகத் தடை செய்யாது. கண்ணிவெடி கண்டறியும் கருவியில் சிக்க, வெடியில் 8 கிராம் இரும்புக்கு ஈடான உலோகக் குறி வேண்டும். தொலைவிலிருந்து வீசுபவற்றில் 90 சதவீதம் 30 நாளில் தானே அழிய வேண்டும். 120 நாளுக்குப் பின் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் உயிர்ப்போடு இருக்கக் கூடாது. ஆக ஆயிரம் வீசினால், 31ஆம் நாளில் நூறு வெடிகள் மண்ணில் கிடந்தாலும் விதி மீறப்படவில்லை.