ஒன்றரை லட்சம் கொடுத்து ஃபயர்வால் வாங்கலாமா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்கிறோம். ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர்கள், அதில் ஒன்றில் டேலி கணக்கு சாஃப்ட்வேர். பக்கத்துத் தெரு கம்பெனி ஒன்றில் போன மாதம் டேலி உட்பட எல்லா ஃபைல்களும் பூட்டிக்கொண்டு, திறக்கப் பணம் கேட்டு ஒரு குறிப்பும் வந்திருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒன்றரை லட்சத்துக்கு ஃபயர்வால் பெட்டி வைக்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்டர்நெட்டிலிருந்து ஆபீஸுக்குள் வருவதை வடிகட்டும் அந்தப் பெட்டி கெட்ட சாமான் இல்லை. ஆனால் உங்கள் அளவுக் கம்பெனிகள் அடிபடுவது பெரும்பாலும் அது காக்கும் இடத்தில் இல்லை. அதை வாங்கி வைத்துவிட்டு, ‘எல்லாம் பத்திரம்’ என்று இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

முதலில் பக்கத்துத் தெரு விஷயம். அங்கே எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரி ஆபீஸ்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு வழி உண்டு. வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்பார். சர்வீஸ்காரர் ரௌட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டு, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். வழக்கமாக அது 3389 என்ற போர்ட், அதாவது இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வரும் வாசலின் எண். இப்படித் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்களை இரவு பகலாகத் தேடிக்கொண்டிருப்பதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. ஒன்று அகப்பட்டதும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு எவ்வளவு நேரம் தாங்கும்? எனவே சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, அந்த வழி திறந்திருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள். டேலிக்காரர் தூரத்திலிருந்து பழுது பார்க்க எனிடெஸ்க் என்ற புரோகிராமைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், ஆள் இல்லாதபோதும் உள்ளே வரும்படி அதில் நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

அடுத்தது அப்டேட். 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய, ஃபைல்களைப் பூட்டும் வான்னகிரை வைரஸ் எந்த ஓட்டை வழியாகப் பரவியதோ, அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. நடுவில் கிடைத்த இரண்டு மாதத்தில் அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். கிராக் செய்த விண்டோஸில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பதுதான் நம் ஊர் வழக்கம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஒன்றரை லட்சம் கையில் இருந்தால், அதில் ஒரு பகுதியை டேலி இருக்கும் கம்ப்யூட்டரை மாற்றவும் ஒரிஜினல் உரிமம் வாங்கவும் செலவிடுங்கள். விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே உங்களுக்குப் போதும்.

பேக்கப் பற்றிக் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் ஹார்டு டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காகச் செருகியபடியே கிடக்கும். கம்ப்யூட்டரைப் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்பீர்கள். பூட்டிய ஃபைலும் அதே மாதிரி தானாக ஏறும். பழைய பதிப்பை அங்கே மீட்க முடியும் என்றாலும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். தினமும் சாயங்காலம் ஒன்றைச் செருகி, டேலி பேக்கப் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் இருப்பதை ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள். மாதம் ஒரு முறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, போன வார டே புக் (அன்றாட வரவு செலவுப் பதிவு) சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை அக்கவுன்டன்டிடம் சொல்லிவிட்டு மறந்துவிடாதீர்கள். அவர் திறந்து காட்டும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். ஏற்றுமதிக்காரருக்கு டேலியைவிடப் பெரிய ஆபத்து மெயில். திருடன் உங்கள் மெயில் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டால் உடனே எதுவும் செய்ய மாட்டான். வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பான். எந்த பையர் (வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர்), எத்தனை கன்டெய்னர், சரக்கு என்றைக்குத் தூத்துக்குடி போகிறது, நீங்கள் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பீர்கள், எப்படி முடிப்பீர்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பணம் வர வேண்டிய வாரத்தில் பையருக்கு ஒரு மெயில் போகும்: ‘எங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்.’ கூடவே உங்கள் லெட்டர்ஹெட்டிலேயே இன்வாய்ஸ். பையர் அனுப்பிவிடுவார். சரக்கும் போயிருக்கும், பணமும் போயிருக்கும். நான் அனுப்பிவிட்டேனே என்று அவர் சொல்வார். உங்களுக்கோ ஒரு பைசா வந்திருக்காது.

சின்னக் கம்பெனிகள்தான் ஏமாறும் என்றில்லை. 2013 முதல் 2015 வரை லித்துவேனியாக்காரர் ஒருவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் என்ற நிறுவனம் அனுப்புவது போலப் போலி இன்வாய்ஸ் அனுப்பியே கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019-இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

போலி முகவரியைக் கண்ணால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆங்கில எழுத்து ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டால், செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது. உங்கள் மெயில் பெட்டிக்குள்ளிருந்தே அனுப்பினால் முகவரியும் உண்மையானதாகவே இருக்கும். அதனால் மெயிலின் உண்மையை மெயிலுக்குள் தேடக் கூடாது. சரக்குக்கு முன்பே அனுப்பும் புரொஃபார்மா இன்வாய்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு வரி அச்சிடுங்கள்: ‘எங்கள் வங்கி விவரம் மெயில் மூலம் ஒருபோதும் மாறாது, மாறியதாகத் தகவல் வந்தால் எங்களைப் போனில் அழைத்துக் கேட்கவும்.’ பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பையரை நேரில் பார்க்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நூல் மில், சாயப்பட்டறை, ஷிப்பிங் ஏஜென்ட் யாரிடமிருந்து ‘புதிய கணக்கு எண்’ வந்தாலும் நீங்களும் அப்படியே செய்யுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்குப் பேசாமல், மேஜையில் கிடக்கும் பழைய விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள்.

மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும் வசதியைப் போடுங்கள். எஸ்எம்எஸ்-ஐவிட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடிவிடுங்கள். அப்புறம், மெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வேர்டிங்’, ‘ஃபில்டர்’ என்ற இரண்டு இடங்களையும் திறந்து பாருங்கள். திருடன் உள்ளே வந்ததும் முதல் வேலையாக, பையரிடமிருந்து வரும் மெயில்களை வெளி முகவரிக்கு அனுப்பவோ, உங்கள் கண்ணில் படாமல் ஒதுக்கவோ அங்கே ஒரு விதி எழுதி வைப்பது வழக்கம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். நீங்கள் எழுதாத விதி அங்கே ஒன்று இருந்தால், உங்கள் மெயிலை வேறு யாரோ படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நடந்தேவிட்டால்? ஃபைல்கள் பூட்டிக்கொண்டால் உடனே நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ஃபார்மட் செய்ய அவசரப்பட வேண்டாம். மிரட்டல் குறிப்பையும் பூட்டிய ஃபைல் இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கும். எல்லாவற்றுக்கும் கிடைக்காது. இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி.

உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. பையர் ஏமாந்து அனுப்பியிருந்தால் விஷயம் வேறு. பணம் கிளம்பியது அவருடைய வங்கியிலிருந்து என்பதால், அதைத் திரும்பக் கேட்க வேண்டியவரும் அவர்தான். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் அவரைப் போனில் எழுப்புங்கள். பையர் ஜெர்மனிக்காரர் என்றால், அங்கே அப்போது ராத்திரி ஏழரை, எட்டரை மணிதான் ஆகியிருக்கும்.