அவன் தட்டு ஏன் தனியாகப் போகிறது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஆட்டிசம் உண்டு. கோபத்தையும் பதற்றத்தையும் தணிக்க டாக்டர் கொடுத்த ரிஸ்பெரிடோன் மாத்திரையை ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறான். அதற்குள் 14 கிலோ கூடி இப்போது 81 கிலோ. வெள்ளை இட்லி, தயிர்சாதம், ஒரே கம்பெனி உருளைக்கிழங்கு சிப்ஸ், இவ்வளவுதான் சாப்பாடு. இட்லி மாவில் கேரட்டை அரைத்துக் கலந்தேன். மூன்று நாள் இட்லியையே தொடவில்லை. வாக்கிங் போனால் பத்தாவது நிமிடம் ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறான். கழுத்தில் கறுப்பு, தேய்த்தும் போகவில்லை. அவன் மெல்லும் சத்தம் அவன் அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் ஏழு மணிக்கே ரூமில் செல்போனோடு தட்டைக் கொடுத்துவிடுவேன். ஒன்பது மணிக்கு நாங்களும் மகளும் உட்காரும்போது மறுபடி வந்து நிற்கிறான், மறுபடி தயிர்சாதம். எடை குறைய டயட் சார்ட் வேண்டும்.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: டயட் சார்ட் தரப்போவதில்லை. மூன்றே பொருள் சாப்பிடும் பிள்ளையிடம் சார்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

முதலில் அந்தக் கழுத்து. அது அழுக்கு இல்லை அம்மா, தேய்க்காதீர்கள். எடை ஏறும் பிள்ளைக்குக் கழுத்து அப்படிக் கறுத்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ரிஸ்பெரிடோன் பசியைக் கிளப்பும், வயிறு நிறைந்ததைத் தெரியவிடாது. இந்த வாரமே மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, ரத்தத்தில் இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் உண்டா, பல்வலி உண்டா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் அவர் முடிவு. நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். மெல்லும் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்காது. அதற்காகப் பெற்ற பிள்ளைக்கு ரூமில் தட்டு! மிக்ஸி சத்தத்தையும் குக்கர் விசிலையும் காதைப் பொத்திக்கொண்டு தாங்குவது அந்தப் பிள்ளை. வளர்ந்த மனிதர் ஒருவர் கால்மணி நேரம் மகன் மெல்லுவதைத் தாங்கமாட்டாரா? அதை ஒரு நியாயமாக எடுத்துக்கொண்டு நீங்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே! ஒன்பது மணிக்கு அவன் வந்து நிற்பதில் மாத்திரையின் பசி இருக்கும், மறுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் நேரமும் அதுதான். அங்கே அவனுக்குக் கிடைக்கிற ஒரே இடம் இரண்டாவது தட்டுத் தயிர்சாதம். உங்கள் மகள் பொரியல் சாப்பிடுவதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்றால், பொரியல் அவனுக்கு எப்படிப் பழகும்?

தட்டை வெளியே கொண்டுவாருங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. முதல் வாரம் நேரம் அதே ஏழு, உணவு அதே உணவு, இடம் மட்டும் கூடம். பக்கத்தில் நீங்கள் ஒருவர் மட்டும். டிவி வேண்டாம், தாளிப்பை முன்பே முடித்துவிடுங்கள். செல்போன் முதல் ஐந்து நிமிடம் இல்லாமல், பிறகு பத்து. அடுத்த வாரத்திலிருந்து வாரம் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் எட்டு மணி. நீங்களும் மகளும் அப்போதே சாப்பிடுங்கள். அப்பா வர ஒன்பது ஆகுமென்றால் காலை டிபன் அவர் பொறுப்பு: மகனோடு உட்கார்ந்து, முகம் சுளிக்காமல், தினமும்.

கேரட் கலந்தது பெரிய தப்பு. அவன் நம்புகிற உணவில் ஒளித்து வைத்தால் அந்த உணவும் கையைவிட்டுப் போகும். மூன்று நாளில் இட்லி திரும்ப வந்தது உங்கள் அதிர்ஷ்டம். புதியது தனிக் கிண்ணத்தில், பட்டாணி அளவு, இட்லியில் ஒட்டாமல் இருக்கட்டும். "ஒரு வாய், ஒரே வாய்" என்று கெஞ்சாதீர்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். பத்துப் பதினைந்து தடவை வைத்த பிறகும் தொடாமலே இருக்கலாம், வையுங்கள்.

மாற்றம் அவனுக்குப் பிடித்ததிலிருந்து பிறக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். சிப்ஸில் அவனுக்குப் பிடித்தது மொறுமொறுப்பு. பாக்கெட் சிப்ஸிலிருந்து வீட்டில் மெல்லியதாகச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, அதே வட்டத்தில் வாழைக்காய், பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் குறைத்து வறுத்த வாழைக்காய். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள். இட்லி மாவிலேயே மெல்லிய முறுகல் தோசை. பக்கத்துக் கிண்ணத்தில் பொட்டுக்கடலை. பெரிய சிப்ஸ் பாக்கெட்டை அவன் கண்ணில் படவிடாமல் சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுங்கள். டப்பா காலியானால் முடிந்தது. தயிர்சாதத்துக்கும் ஒரே கிண்ணம், காலியானதும் "முடிந்தது" என்று காட்டும் படம். வயிறு சொல்லாததைக் கண்ணுக்குச் சொல்ல வேண்டும். வளர்கிற வயது, பட்டினி போடாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலே முதலில் போதும்.

நடை விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டில் உட்காருவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தசை தளர்வாக இருக்கும், பாதம் தட்டையாக இருக்கும். கூடவே வெயில், ஹாரன். எல்லாவற்றுக்கும் மேல், நடை எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியாது. செருப்பை விட்டு, காலைப் பிடித்து நிற்கிற ஷூ. காலை ஆறு மணி. "தண்ணீர் டேங்க், பிறகு வீடு" என்று இரண்டு படம் கையில். பத்தாவது நிமிடம் உட்காருகிறவனை ஏழாவது நிமிடத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். வாரம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். இந்த வயதுக்கு நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது. கனமான வேலை இவர்களில் பலரை அமைதிப்படுத்தும். பதினைந்து வயது மகனுக்கு வீட்டில் வேலை இருக்க வேண்டும். எல்லோருக்கும் தட்டும் தண்ணீரும் வைப்பது இனி அவன் பொறுப்பு.

காலை நடைக்கு அவனைக் கூட்டிப்போக வேண்டியவர் அவன் அப்பா. இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.