வெண்டைக்காய் கொழகொழப்பு: போக்கணுமா, காப்பாத்தணுமா?

"வெண்டைக்காய் வதக்கினால் நூல் நூலாக இழுக்கிறது. ஆனால் கம்போ என்ற அமெரிக்க சூப்பின் செய்முறையில் அந்தக் கொழகொழப்புதான் முக்கியம் என்கிறார்கள். எது சரி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ரெண்டும் சரிதான். அந்த வழவழப்பு காய்க்குள் இருக்கும் பிசின், செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற அதே சங்கதி, ரெண்டும் ஒரே குடும்பம்தான், பருத்தியும்கூட. நறுக்கியதும் பிசின் வெளியே வரும், தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும்.

அதனால் வறுவலுக்கு முழுக்காயாகவே கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் போன பிறகு கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள். அகலமான வாணலி, நல்ல சூடு, மூடி வேண்டாம். உப்பு நீரை வெளியே இழுக்கும் என்பதால் அதைக் கடைசியில் போடுங்கள். முதல் சில நிமிடம் கரண்டிக்கும் வாணலிக்கும் நடுவே சிலந்தி நூல் மாதிரி இழுக்கும்; பலரும் பயந்துபோய்த் தண்ணீர் தெளிப்பது இங்கேதான், தயவுசெய்து தெளிக்காதீர்கள், பொறுமையாக விட்டால் நூல் அறுந்து, துண்டுகள் தனித்தனியாக உதிரும். குழம்பு என்றால் புளியோ தக்காளியோ சேருங்கள், புளிப்பில் பிசினின் பிடி தளரும்.

சரி, கம்போவுக்கு வருவோம். வெண்டையின் பிறப்பிடம் எத்தியோப்பியா பக்கமா, மேற்கு ஆப்பிரிக்காவா, தெற்காசியாவா என்று தாவரவியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பெயர்கள் வந்த வழி அதைவிடத் தெளிவு. ஒக்ரா என்ற ஆங்கிலப் பெயர் நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. கம்போ என்பதோ மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கே பெயர். பிரெஞ்சில் இன்றும் காயை அப்படித்தான் சொல்கிறார்கள். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்குப் போன சொல் இது, லூசியானாவில் சூப்புக்கே பெயராக நின்றுவிட்டது. எனக்கு இந்தக் காயின் மேல் தனி மரியாதை வரக் காரணமே இதுதான். மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் அந்த வழவழப்பு குறையே இல்லை, சாற்றைக் கெட்டியாக்க அதைத்தான் நம்புகிறார்கள்.

ஆக உங்கள் கம்போவுக்கு எல்லாமே தலைகீழ். காயை மெல்லிசாக நறுக்கி, சாற்றிலேயே நிதானமாக வேகவிடுங்கள், புளிப்பு எதுவும் சேர்ப்பதாக இருந்தால் கடைசியில். கரண்டியைத் தூக்கும்போது சாறு சொட்டாமல் தடித்து வழிந்தால் அடுப்பை அணைத்துவிடலாம்.