பயனீட்டாளர் கேள்வி-பதில்: பாலம் தாண்டிப் போகும் கடல் தொட்டி

கேள்வி: ஐயா, வணக்கம். பட்டர்வொர்த்தில் தரை வீட்டில் இருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் பினாங்குத் தீவுப் பக்கம், குளுகோரில் ஒரு கொண்டோவின் 9-வது மாடிக்கு மாறுகிறோம். மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள் டேங் மீன், பத்துப் பன்னிரண்டு பவளம் இருக்கின்றன. வீடு மாறுகிற கையோடு நான்கடித் தொட்டிக்குப் போய்விடலாம் என்று எனக்கு ஆசை. முதலில் வீடு மாறுவோம், ஆறு மாதம் கழித்துத் தொட்டியைப் பார்க்கலாம் என்கிறார் மனைவி. ஒருவர் தம் வீட்டில் இருந்த நான்கடித் தொட்டியை ஸ்டாண்டு, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), சில்லரோடு (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) 2,500 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? - வாசகர், பட்டர்வொர்த்

பதில்: புது வீட்டுச் சாவி எப்போது கையில் கிடைக்கும்? உங்கள் கடிதத்தில் இதுதான் இல்லை. முடிவே இதில்தான் இருக்கிறது.

குடிபோவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சாவி கிடைத்தால் உங்கள் ஆசைப்படியே செய்யுங்கள். மீனுக்கும் பவளத்துக்கும் ஒரே அலைச்சலோடு போகும். ஆறு மாதம் கழித்து மறுபடி பாறையைக் கலைத்து, மறுபடி மீனைத் துரத்திப் பிடிப்பது அவற்றுக்கு இரண்டாவது தண்டனை. மஞ்சள் டேங் நீள நீளமாக நீந்துகிற மீன், மூன்றடி அதற்குப் போதவே போதாது. ஆனால் சாமான் ஏற்றுகிற நாளில்தான் சாவி கிடைக்கும் என்றால் உங்கள் மனைவி சொல்வதே சரி. அன்றைக்குப் பழைய தொட்டியைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தாலே பெரிய காரியம்.

புதுத் தொட்டி புது வீட்டில், சரியான உப்போடும் சரியான குளிர்ச்சியோடும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் பழைய தொட்டியில் கை வைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன் ஆயர் ஈத்தாமிலிருந்து வீடு மாறியபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தேன். மணலை அள்ளினால் நேரமாகும் என்று தொட்டியில் நாலு விரல் தண்ணீரோடு அப்படியே விட்டு, நாலு பேராகத் தூக்கி லோரியில் ஏற்றினோம். இறக்கும்போது மணல் ஒரு பக்கமாகச் சரிந்தது. அடியில் கறுப்பாய் ஓர் அடுக்கு. அழுகிய முட்டை நாற்றம் கூடத்தையே நிறைத்தது. காற்றுப் போகாத பழைய மணலின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடும் பல வருஷ அழுக்கும் தேங்கியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரவு ஒன்பது மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் ஐந்தில் இரண்டுதான் மிச்சம். ஒரு வாரத்தில் தொட்டியின் கீழ் மூலையில் ஈரம் கசிய ஆரம்பித்தது. தண்ணீரும் மணலும் உள்ளே இருக்கும்போது தூக்கினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், சிலிகான் ஒட்டு விடும்.

அதனால் பழைய மணலை அங்கேயே விட்டுவிடுங்கள். புதுத் தொட்டிக்குப் புது மணல்தான். தொட்டியை உயிரோடு வைத்திருக்கும் பாக்டீரியா பெரும்பாலும் பாறையில் இருக்கிறது, தண்ணீரில் மிகக் கொஞ்சம். ஆகவே பாறை காயாமல், சூடேறாமல் போய்ச் சேர வேண்டும்.

இனி அந்த 2,500 ரிங்கிட் தொட்டி. பணம் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். மூலைகளில் சிலிகான் உரிந்திருக்கிறதா, இரண்டு கண்ணாடி ஒட்டும் இடத்தில் குமிழ்கள் தெரிகின்றனவா, விளிம்பு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே மட்டும் புது சிலிகான் பூசியிருந்தால் கசிவை மறைத்திருக்கலாம். கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடிப்பது நடுவில் இருக்கும் ஒட்டுதான். இரண்டடி உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி இருந்தால் நிம்மதி. மட்டமான தரையில் வைத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் வேறு தொட்டி பாருங்கள்.

இன்னொன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள்: இந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து போட்டார்களா? மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடுவார்கள். செம்பு பாறையிலும் மணலிலும் ஊறிக் கிடந்து பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கசியும். பவளம், இறால், நத்தை எதுவும் தாங்காது. ஆம் என்றால் அவர் பாறையையும் மணலையும் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பதிலை மழுப்பினாலும் அப்படியே.

சில்லரை வாளித் தண்ணீரில் ஓட்டி, வெப்பநிலை இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்சுருள் டைட்டானியமா என்று கேளுங்கள். கடல்நீருக்கு அதுதான். நம் ஊரில் அறைச் சூடு 30 பாகையைத் தாண்டுகிறது, பவளத்துக்கோ 25, 26 பாகை வேண்டும். மூன்றடிக்குப் போதுமாக இருந்த சில்லர் நான்கடியில் மூச்சுத் திணறும். இந்த அளவுக்கு 1/4 குதிரைத்திறன் பக்கம் பாருங்கள். அதைக் கதவு மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது வெளியே தள்ளுகிற சூடே அதைக் கெடுத்துவிடும்.

ஒருவர் தம் வீட்டுச் சாமானை விற்பது வியாபாரம் ஆகாது. அதனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அங்கே உங்களுக்குக் கைகொடுக்காது. அது வியாபாரம் செய்பவரைத்தான் கட்டுப்படுத்தும். கடையில் புதிதாக வாங்கினால் விலை கூடும், ஆனால் சட்டம் உங்கள் பக்கம். 9-வது மாடிக்குப் போகிற தொட்டி என்பதால், கையில் பணம் இருந்தால் கண்ணாடியை மட்டும் புதிதாக வாங்கி, ஸ்டாண்டையும் சில்லரையும் பழையதில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மாடியைச் சொன்னதும் பாரம் நினைவுக்கு வருகிறது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 450 லிட்டர். கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 650 கிலோவைத் தொடும். பத்துப் பேர் ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் நெருக்கி நிற்பதுபோல. வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. அது தளம் முழுவதற்குமான கணக்கு என்றாலும், கூடத்து நடுவில் தொட்டியை நிறுத்தக் கூடாது. உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். எந்தச் சுவர் என்று நிர்வாக அலுவலகத்தில் வரைபடம் கேளுங்கள், தெளிவில்லை என்றால் ஒரு பொறியாளருக்குப் பணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். லிஃப்டுக்கு முன்பதிவு, முன்பணம் பற்றியும் அப்போதே விசாரித்துவிடலாம். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால், மாற்றி நிரூபிக்கும் வரை அது மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் கொள்கிறது. மேல்வீடு நீங்கள்தான். அந்த 48 மணி நேரச் சோதனையைப் புது வீட்டிலும் ஒருமுறை செய்யுங்கள்.

புதுத் தண்ணீர் 300 லிட்டர் வரை வேண்டியிருக்கும். லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் உப்பு என்றால் 11, 12 கிலோ ஆகும். குழாய்த் தண்ணீரை நேரே கலக்க வேண்டாம், ஆர்.ஓ. டி.ஐ. வடிகட்டியில் தாதுக்கள் நீக்கிய தண்ணீர்தான். வீட்டு வடிகட்டியில் இவ்வளவு இறங்க இரண்டு நாள்கூட ஆகலாம், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கலந்து ஒரு நாள் பம்ப் ஓடிய பிறகு உப்பை அளந்து பாருங்கள். பழைய தொட்டியில் என்ன அளவோ அதே அளவு, ஒப்படர்த்தி 1.025 பக்கம்.

மாறும் நாளுக்கு முந்தைய நாள் மீனுக்குத் தீனி போடாதீர்கள். விடியற்காலையில் தொடங்குங்கள். முதலில் தெளிந்த தண்ணீரைப் பீப்பாயில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பவளம், பிறகு பாறை. பாறை போனபின் ஒளிய இடமில்லாமல் மீன் தானே கைக்கு வரும். மீனைத் தனித்தனிப் பையில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று என்று கட்டி பாலிஸ்டைரின் பெட்டியில் அடுக்குங்கள். ஸோவா (பொத்தான் பவளம்) வகை இருந்தால் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்தப் பாறையைச் சுடுதண்ணீரில் போடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

உயிருள்ள எதையும் லோரியில் ஏற்றாதீர்கள். ஏர்கோன் போட்ட காரில், பேட்டரி காற்றுப் பம்போடு கொண்டுபோங்கள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் வேலை நாளில் காலை நெரிசலில் மாட்டினால் எவ்வளவு நேரம் என்று பட்டர்வொர்த்துக்காரர் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுங்கள்.

சேர்த்த பிறகு இரண்டு வாரம் தினமும் தண்ணீரில் அம்மோனியா அளவைச் சோதித்துப் பாருங்கள், தீனியைக் குறையுங்கள். புது விளக்கு என்றால் பாதி வெளிச்சத்தில் தொடங்கி மூன்று வாரத்தில் ஏற்றுங்கள், இல்லையென்றால் பவளம் வெளுத்துவிடும். ஓரிரு மாதத்துக்குப் புது மீன் வேண்டாம். தொட்டி பெரிதாகத் தெரியும், கை அரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்த தொட்டி மூன்றே மாதத்தில் கசிகிறது. பின்பக்கக் கீழ் ஒட்டு விட்டிருக்கிறது. "கடை வாசலைத் தாண்டினால் கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை, ரசீதிலேயே போட்டிருக்கிறது" என்கிறார் தவுக்கே (கடை முதலாளி). நான் என்ன செய்வது? - வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, ரசீதில் எழுதிவிட்டால் சட்டம் ஓடிப்போகாது. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தருகிற உத்தரவாதம். அதை ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டு நீக்க முடியாது. தண்ணீர் பிடிக்கச் செய்த தொட்டி மூன்று மாதம்கூடத் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் அது தரமா?

ஸ்டாண்டு மட்டமாக இல்லை, தண்ணீரோடு நகர்த்தினீர்கள் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆகவே தொட்டியைக் காலி செய்யும் முன்பே ஆதாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் மேல் மட்டக்கோலை வைத்து, குமிழ் நடுவில் நிற்பது தெரிகிறபடி ஒரு படம். கசியும் ஒட்டின் கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்து, ஈரம் படர்வதை ஒரு காணொளி. இவற்றைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) கடைக்கு அனுப்பி, பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று 14 நாளில் பதில் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடித்துவிடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும்.

பதில் இல்லை என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது கிரிமினல் குற்றம். செத்த மீன், பவளம், வீங்கிய அலமாரி இவற்றின் செலவையும் ரசீதோடு சேர்த்துக் கேளுங்கள். மனு எழுதக் கைநடுக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். 1969-இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறார்கள்.

கேள்வி: பெரிய தொட்டிக்கு உப்பு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் கடல்நீர் சும்மா கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமா? முக்குளிக்கப் போகும் நண்பன் பவளமும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். - வாசகர், ஜெலுத்தோங்

பதில்: கரையோரத் தண்ணீர் வேண்டாம். சேறும் சாக்கடையும் கலந்தது, மழைக்குப் பிறகு உப்பும் இறங்கிவிடும். அதைச் சுத்தப்படுத்துகிற செலவுக்கு ஒரு வாளி உப்பே வாங்கிவிடலாம்.

நண்பர் தருகிற பவளத்தைத் தொடவே தொடாதீர்கள். பூலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவை, எல்லை தாண்டி வந்தாலும் அனுமதிப் பத்திரம் வேண்டும். தொட்டியில் வளர்த்து வெட்டிய சிறு துண்டு, ஃபிராக் என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, தொட்டி வாழ்க்கைக்குப் பழகியும் இருக்கும். கட்டைவிரல் அளவுத் துண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால், ஒரே வருஷத்தில் உள்ளங்கை அளவுக்கு விரிகிற வகைகளும் உண்டு.